குட்டை மேக்னம்: .270, .300, 6.5 பிஆர்சி, 6.8 வெஸ்டர்ன்... சொந்தமாகத் தோட்டா நிரப்புபவருக்கு எது?

ஒற்றைக்குழல்:

கையில் இருப்பது ஒரு .308 ரைஃபிள். மானுக்கு அது தாராளம், அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்க் மாதிரி பெரிய உடம்புக்கும் சேர்த்து, அதிகபட்சம் 400 கெஜம் என்று வைத்துக்கொண்டு, மேடு ஏறி இறங்கித் தூக்கி நடக்கத் தோதான ஒன்று வேண்டும். அதனால்தான் குட்டை மேக்னம் (நீளம் குறைந்த, பருமனான கூட்டில் நிறையப் பவுடர் பிடிக்கும் வேகத் தோட்டா) பக்கம் கண் போகிறது. பட்டியலில் நிற்பவை நான்கு: .270 டபிள்யூஎஸ்எம் (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்), .300 டபிள்யூஎஸ்எம், 6.5 பிஆர்சி, 6.8 வெஸ்டர்ன். கடைத் தோட்டா அபூர்வமாகத்தான் வாங்குவேன், எல்லாம் சொந்தமாக நிரப்புவதுதான். ஆகவே கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு), டை (சுட்ட கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), புல்லட் (குழலிலிருந்து பறக்கும் குண்டு) தடையில்லாமல் கிடைப்பது எனக்கு வேகக் கணக்கைவிட முக்கியம்.

இன்னொரு யோசனையும் ஓடுகிறது. புதிதாக எதையும் வாங்காமல் இந்த .308-இன் குழலை மட்டும் கழற்றிவிட்டு .300 டபிள்யூஎஸ்எம் குழலை மாட்டினால் என்ன? இரண்டும் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயங்கு பகுதி நீளம் குறைந்த) குட்டை ஆக்‌ஷன்தானே?

பித்தளைக்கூடு:

குழலோடு வேலை முடியாது. .308 கேஸின் அடி விளிம்பு .473 அங்குலம், டபிள்யூஎஸ்எம்-இன் விளிம்பு .535. உங்கள் போல்ட் முகத்தில் (தோட்டாவின் அடியைத் தாங்கும் இடத்தில்) அது உட்காரவே உட்காராது. போல்ட்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் முகத்தைக் கடைந்து அகலப்படுத்தி, கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் மாற்ற வேண்டும். சரி, அதையும் செய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம், டபிள்யூஎஸ்எம் கேஸ் அடியில் .555 அங்குலம் பருமன், .308-க்காக வெட்டிய மேகசின் உதடும், தோட்டாவுக்கு வழிகாட்டும் ஃபீட் ரெயிலும் அந்த உடம்புக்கு வழிவிடாது. கன்ஸ்மித் ரெயிலைக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் தோட்டா மேகசினிலிருந்து துள்ளி வெளியே வரும், குறைவாகத் தேய்த்தால் சிக்கிக்கொள்ளும். .308-ஐ .308-ஆகவே விட்டுவிடுங்கள்.

முப்பதாறு:

யாரும் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். 400 கெஜம், எல்க், சொந்த நிரப்பு. .30-06 வாங்குங்கள். 1906-இல் வந்தது, இன்னும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, மேகசினில் நான்கைந்து தோட்டா நிற்கும்.

ஒற்றைக்குழல்:

அண்ணே, நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். :) நீங்கள் சொல்வது தப்பே இல்லை. ஆனால் .308-க்குப் பக்கத்தில் .30-06 வைத்தால் இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லையே. அதே .30 புல்லட், கொஞ்சம் கூடுதல் வேகம், அவ்வளவுதான்.

தராசுமுள்:

எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். கடைத் தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம், 24 அங்குலக் குழலில்: 180 கிரெய்ன் (புல்லட், பவுடர் எடைக்கான அலகு) புல்லட்டை .308 வினாடிக்குச் சுமார் 2,620 அடியில் தள்ளும், .30-06 சுமார் 2,700, .300 டபிள்யூஎஸ்எம் சுமார் 2,970, .300 வின்செஸ்டர் மேக்னம் (வின் மேக்) 2,960. கடைசி இரண்டையும் பாருங்கள், வித்தியாசமே இல்லை. 1963-இல் வந்த நீளமான பெல்ட் மேக்னம் (அடியில் தடித்த வளையம் உள்ள கேஸ்) செய்வதை 2001-இல் வந்த 2.1 அங்குலக் கேஸ் செய்கிறது, அதுவும் ஆறேழு கிரெய்ன் குறைவான பவுடரில்.

இதை வைத்து 'குட்டையாகப் பருமனாக இருந்தால் பவுடர் ஒரே சீராக எரியும், அதனால் இலவசமாக வேகம் கிடைக்கும்' என்று ஒரு பேச்சு அப்போதிலிருந்தே சுற்றுகிறது. மேசையில் ரைஃபிளைத் தாங்கித் துல்லியப் போட்டி சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் 6 எம்எம் பிபிசி என்ற குட்டைத் தோட்டாவை வைத்து அந்த வடிவத்தின் துல்லியத்தைக் காட்டியிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வேகத்தில் மந்திரம் ஒன்றும் கிடையாது. எந்தக் கேஸிலும் குழல் விட்டத்துக்கு ஒப்பிடக் கொள்ளளவு குறைந்தால் ஒரு கிரெய்ன் பவுடருக்குக் கிடைக்கும் வேகம் கூடும். .300 டபிள்யூஎஸ்எம் கேஸில் சுமார் 80 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும், வின் மேக்-இல் 90-க்கு மேல். அப்புறம் அழுத்த வரம்பு டபிள்யூஎஸ்எம்-க்கு 65,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), வின் மேக்-க்கு 64,000. கனமான புல்லட்டை வைத்து இரண்டையும் முழு வரம்புக்கு ஏற்றி நிரப்பினால் வின் மேக் முன்னால் போய்விடும். 200 கிரெய்னுக்கு மேல் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஒற்றைக்குழல், உங்கள் வேலைக்கு 165 முதல் 180 கிரெய்ன்தான் என்றால் இந்தச் சண்டையே உங்களுக்குத் தேவையில்லை.

தூரப்பார்வை:

உதையைப் பற்றி யாரும் பேசவில்லையே? மலையில் தூக்கி நடக்க என்கிறார், அப்படியென்றால் எடை குறைந்த ரைஃபிள். எடை குறைந்த .300 டபிள்யூஎஸ்எம் தோளைப் பதம் பார்த்துவிடும். ஏழரை பவுண்டு ரைஃபிளில் 180 கிரெய்ன் புல்லட்டுக்குக் கணக்குப் போட்டால் 26 அடி-பவுண்டு பக்கம் வருகிறது. அதே எடை ரைஃபிளில் 143 கிரெய்ன் புல்லட்டை 2,960 அடியில் விடும் 6.5 பிஆர்சி 18 பக்கம்தான். அவருடைய .308 180 கிரெய்ன் புல்லட்டுக்குக் கொடுக்கும் உதையும் ஏறக்குறைய அதே அளவுதான். பழகிய உதையோடு, தட்டையான பாதை. உதைக்குப் பயந்து டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பவர் எந்த மேக்னம் வாங்கினாலும் 300 கெஜத்தில் தடுமாறத்தான் செய்வார்.

என் ஓட்டு 6.5 பிஆர்சி-க்கு.

முப்பதாறு:

எல்க்குக்கு 6.5-ஆ?

தூரப்பார்வை:

நல்ல புல்லட்டாக இருந்தால் ஆமாம். ஸ்காண்டிநேவியாவில் 6.5x55-ஐ வைத்து மூஸ் அடிப்பது நூறு வருடப் பழக்கம். எலும்பில் பட்டாலும் சிதறாத பாண்டட் புல்லட் (உறையும் ஈயமும் ஒட்டியது) அல்லது முழுச் செம்பு, நெஞ்சுக்கூட்டில் சரியான இடம், அவ்வளவுதான். கோணலாக நிற்கும் எல்க்கின் பின்பக்கத்திலிருந்து ஊடுருவ வேண்டும் என்ற நிலைமை வந்தால் .30 நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் அந்தக் கோணத்தில் சுட மாட்டேன்.

பித்தளைக்கூடு:

இந்த இழையில் எல்லோரும் விட்டுவிட்ட ஒரு விஷயம் மேகசின் நீளம். குட்டை மேக்னத்தின் எல்லா நல்லதும் கெட்டதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

.300 டபிள்யூஎஸ்எம்-இன் அதிகபட்சத் தோட்டா நீளம் 2.860 அங்குலம். .308-க்கு 2.810. ஆக, .308-ஐ மனதில் வைத்துச் செய்த ஆக்‌ஷனுக்குள் ஒரு மேக்னத்தைத் திணித்திருக்கிறார்கள். 165 கிரெய்ன் ஈயப் புல்லட்டுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. 200 கிரெய்னுக்கு மேல் போகும் நீளமான, மூக்கு நீண்ட புல்லட்டை மேகசினுக்குள் அடங்கும்படி உட்கார்த்திப் பாருங்கள், அதன் அடிப்பாகம் கேஸின் கழுத்தைத் தாண்டி, தோளுக்கு (கழுத்திலிருந்து உடம்புக்கு அகலும் சரிவு) கீழே பவுடர் இருக்க வேண்டிய இடத்தில் போய் நிற்கும். சில சமயம் மூக்கின் வளைவே கழுத்துக்குள் இறங்கிவிடும், அப்போது கழுத்து புல்லட்டைப் பிடிக்கவே பிடிக்காது.

6.5 பிஆர்சி-யை 2018-இல் கொண்டு வந்தபோது தோட்டா செய்யும் ஹார்னடி கம்பெனிக்காரர்கள் இதைக் கவனித்துச் செய்திருக்கிறார்கள். கேஸ் 2.030 அங்குலம், தோட்டா நீளம் 2.955. கேஸைக் குறைத்து புல்லட்டுக்கு வெளியே இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு மேகசினும் கிட்டத்தட்ட 3 அங்குலம் இருக்க வேண்டும், 2.8-இல் நிற்கும் பெட்டியில் போட்டால் அந்த நன்மையெல்லாம் போய்விடும். ரைஃபிள் வாங்கும் முன் ஒரு வெர்னியரை எடுத்துப் போய் மேகசினின் உள்நீளத்தை அளந்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். டிக்கா டி3 மாதிரி எல்லாக் கேலிபருக்கும் ஒரே நீள ஆக்‌ஷன் வைத்திருக்கும் ரைஃபிள்களில் கூடுதல் இடம் கிடைக்கும், ஆனால் குட்டை ஆக்‌ஷன் என்ற சலுகை அங்கே கிடையாது. அந்தச் சலுகையும் பெரிதாக ஒன்றுமில்லை, ஆக்‌ஷன் நீளத்தில் அரை அங்குலம், எடையில் சில அவுன்ஸ். மலை ஏறுபவருக்குத் தண்ணீர் பாட்டிலைப் பாதி காலி செய்தால் அதைவிட அதிகம் குறையும்.

ஒற்றைக்குழல்:

இது நல்ல தகவல், நன்றி. .270 டபிள்யூஎஸ்எம் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு உள்ளுக்குள் அதன் மேல்தான் ஆசை.

தராசுமுள்:

வேகத்தில் பிரமாதம். 130 கிரெய்னை 3,275 அடியில் விடும், பழைய .270 வின்செஸ்டர் அதே புல்லட்டை 3,060-இல் விடுகிறது. ஆனால் குழல் முறுக்கு (புல்லட்டைச் சுழல வைக்கும் உள்வரிகள்) 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 150 கிரெய்ன் வரை சுகமாகப் போகும், அதற்கு மேல் நீளமான புல்லட் நிலைத்துப் பறக்காது. 1925-இலிருந்து .270-க்கு எல்லோரும் அந்த முறுக்கிலேயே குழல் போட்டதால் புல்லட் செய்பவர்களும் கனமான .277 புல்லட் பக்கம் பெரிதாகப் போகவில்லை. 2021-இல் வந்த 6.8 வெஸ்டர்ன் அந்த முடிச்சை அவிழ்க்க வந்ததுதான். .270 டபிள்யூஎஸ்எம் கேஸையே கொஞ்சம் குட்டையாக்கி, 7.5 அல்லது 8 அங்குல முறுக்குக் குழல் போட்டு, 165, 175 கிரெய்ன் புல்லட் விடுகிறார்கள். 165-க்கு 2,970 அடி. எல்க்குக்குப் பட்டியலில் இருக்கும் நான்கில் அதுதான் வடிவத்தில் சிறந்தது என்று நினைக்கிறேன்.

வடிவத்தில் என்று சொன்னேன். கேஸ் இன்னும் எத்தனை வருடம் கடையில் கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.

பித்தளைக்கூடு:

அதைத்தான் கேட்க வேண்டும். சொந்தமாக நிரப்புபவர் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது அடுத்த இருபது வருடத்துக்கான பித்தளையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

பழைய கதையைப் பாருங்கள். 1963-இல் .284 வின்செஸ்டர், குட்டை ஆக்‌ஷனில் .270-க்குச் சமமான வேலை. அருமையான கேஸ், ரைஃபிள் செய்ய ஆள் இல்லை. 1966-இல் 6.5 ரெமிங்டன் மேக்னம், அதை 18.5 அங்குலக் குழல் வைத்த மாடல் 600-இல் போட்டு, மேக்னத்தின் வேகத்தையெல்லாம் குழல் வாயில் நெருப்பாக வெளியே விட்டார்கள். செத்துப் போனது. 2001-ஐ ஒட்டி வின்செஸ்டர் .300 டபிள்யூஎஸ்எம்-ஐ இறக்கிய கையோடு ரெமிங்டனும் .300 சாம், 7 எம்எம் சாம் (ஷார்ட் ஆக்‌ஷன் அல்ட்ரா மேக்னம்) இரண்டையும் இறக்கினார்கள். ரெண்டு கம்பெனியுடையதும் .404 ஜெஃப்ரி என்ற ஒரே பழைய ஆப்பிரிக்க வேட்டைக் கேஸிலிருந்து வெட்டியவைதான். சாம் இன்னும் குட்டை, 2.015 அங்குலம், புல்லட்டுக்கு நல்ல இடம், என்னைக் கேட்டால் டபிள்யூஎஸ்எம்-ஐவிடச் சரியான அளவு. என்ன பிரயோஜனம்? சந்தை வின்செஸ்டர் பக்கம் போனது. 7 எம்எம் சாம் நெடுந்தூரப் போட்டிக்காரர்கள் தயவில் உயிரோடு இருக்கிறது, .300 சாம் கேஸுக்கு அலைய வேண்டும். 2008-இல் ரூகர் பெயரில் வந்த .300 ஆர்சிஎம்-உம் (ரூகர் காம்பாக்ட் மேக்னம்) அப்படியே, இத்தனைக்கும் அதன் கேஸிலிருந்துதான் பின்னால் 6.5 பிஆர்சி பிறந்தது. வின்செஸ்டரின் சொந்தக் குடும்பத்திலேயே 7 எம்எம் டபிள்யூஎஸ்எம், .325 டபிள்யூஎஸ்எம், மூன்று டபிள்யூஎஸ்எஸ்எம் (இன்னும் குட்டையான சூப்பர் ஷார்ட் மேக்னம்), எல்லாம் ஓரம் கட்டப்பட்டுவிட்டன. இவற்றில் பல தோற்றது சுடுவதில் இல்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து நன்றாக வேர் பிடித்து நிற்பது .300 டபிள்யூஎஸ்எம், அதற்கு அடுத்தபடி .270 டபிள்யூஎஸ்எம். புதியவற்றில் 6.5 பிஆர்சி உறுதியாகக் காலூன்றிவிட்டது, ஹார்னடி, ஏடிஜி, பீட்டர்சன் என்று கேஸ் செய்ய ஆள் இருக்கிறார்கள். 6.8 வெஸ்டர்ன் வாங்குபவர் ரைஃபிளோடு சேர்த்து அதன் குழல் ஆயுளுக்கும் போதுமான கேஸை அன்றைக்கே வாங்கி வைத்துவிட வேண்டும்.

செம்புமுனை:

.270 டபிள்யூஎஸ்எம் மேல் ஆசை என்றால் ஒரு சௌகரியம் உண்டு. .300 டபிள்யூஎஸ்எம்-உம் அதுவும் ஒரே உடம்பு, கழுத்து மட்டும்தான் வேறு. .300 கேஸை .270 டையில் விட்டுக் கழுத்தைக் குறுக்கிக்கொள்ளலாம். கழுத்து தடித்துவிடும், மைக்ரோமீட்டரில் பார்த்துத் தேவைப்பட்டால் கடைய வேண்டும், தடித்த கழுத்து சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) புல்லட்டை விடாமல் இறுக்கினால் அழுத்தம் எகிறிவிடும். 7 எம்எம் டபிள்யூஎஸ்எம்-க்கு இது இவ்வளவு சுலபமாக ஆகாது. .270 சேம்பருக்குள் யாரும் 7 எம்எம் தோட்டாவைத் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று அதன் தோளை வேண்டுமென்றே முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் செம்புப் புல்லட். கலிஃபோர்னியாவில் 2019-இலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, வேறு இடங்களிலும் கட்டுப்பாடு வந்துகொண்டிருக்கிறது. செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குப் புல்லட் நீளும், மேலே பித்தளைக்கூடு சொன்ன கழுத்துப் பிரச்சினை இன்னும் சீக்கிரம் வரும். .300 டபிள்யூஎஸ்எம்-இல் செம்பு போடுவதாக இருந்தால் 150, 165-உடன் நிறுத்துங்கள். அந்த வேகத்தில் அதுவே எல்க்கை ஊடுருவிப் போகும்.

முப்பதாறு:

மேகசினில் எத்தனை தோட்டா நிற்கும் என்பதையும் சொல்லுங்கள். மூன்று. சிலதில் இரண்டு.

தூரப்பார்வை:

மூன்றாவது தோட்டா தேவைப்படும் வேட்டை ஏற்கெனவே கெட்டுப்போன வேட்டை, அண்ணே.

பித்தளைக்கூடு:

எண்ணிக்கை போகட்டும், ஒழுங்காக ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. டபிள்யூஎஸ்எம்-இன் விளிம்பு உடம்பைவிடச் சிறியது, போல்ட் முன்னால் வரும்போது விளிம்பைப் பிடிக்காமல் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்க் கேஸின் முதுகில் கீறும் ரைஃபிள்கள் உண்டு. கடையில் சோதிக்க ஒரு வழி: பவுடரும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவைக் கொண்டு போங்கள், மேகசினில் போடுங்கள், போல்ட்டை மெதுவாகத் தள்ளிக்கொண்டே பக்கவாட்டில் இருந்து பாருங்கள். போல்ட் முகத்தின் கீழ் விளிம்பு தோட்டாவின் அடியை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். நகக்கண் அளவுக்காவது பிடிமானம் இருக்க வேண்டும். அப்புறம் வேகமாக, அப்புறம் ரைஃபிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. கடைசித் தோட்டாவையும் முதல் தோட்டாவையும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி உட்காரும் மேகசினில் ஒரு பக்கம் மட்டும் அடம் பிடிக்கும்.

ஒற்றைக்குழல்:

சரி, ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன். அதிகம் சுடாத ஒரு .300 டபிள்யூஎஸ்எம் விலைக்கு வருகிறது, 24 அங்குலக் குழல், மேகசின் உள்நீளம் அளந்து பார்த்தேன், 2.93 இருக்கிறது. உதையைத் தாங்கிக்கொள்வேன், ரைஃபிள் அவ்வளவு லேசும் இல்லை. நிரப்புவதில் .308-க்கும் இதற்கும் என்ன மாறும்? பெல்ட் இல்லாதது நல்லது என்கிறார்களே, அது ஏன்?

செம்புமுனை:

பெல்ட் கேஸில் ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் கேஸ் எங்கே முட்டி நிற்கிறது என்ற அளவு) பெல்ட்டில் நிற்கிறது, அதனால் தொழிற்சாலைக்காரர்கள் தோளைப் பற்றிக் கவலைப்படாமல் தாராளமாக இடம் விட்டுவிடுகிறார்கள். சுட்டதும் கேஸ் முன்பக்கம் நீளும், டையில் மறுபடி தோளைப் பின்னால் தள்ளுவோம், மறுபடி நீளும். நாலைந்து தடவையில் பெல்ட்டுக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து ஒரு நாள் இரண்டாகப் பிரியும். டபிள்யூஎஸ்எம் உங்கள் .308 மாதிரியே தோளில் நிற்கிறது, 35 டிகிரிச் செங்குத்தான தோள், நீளமும் அதிகம் வளராது. ஆனால் டையை ஷெல் ஹோல்டரில் (நிரப்பும்போது கேஸின் அடியைப் பிடிக்கும் பிடி) முட்டும் வரை இறக்கி இஷ்டத்துக்குத் தோளைத் தள்ளினால் இதிலும் அதே கதிதான். சுட்ட கேஸின் தோள் நிற்கும் இடத்தைக் கம்பாரட்டர் என்ற அளவுகருவியில் அளந்து, அதிலிருந்து அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் தள்ளும்படி டையை நிறுத்துங்கள்.

ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் கொக்கியாக மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேஸுக்குள் அடிவரை விட்டு, சுவரை உரசிக்கொண்டே மெதுவாக மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் கொக்கி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது விரலுக்குத் தெரியும். அது தெரிந்தால் அந்தக் கேஸை நசுக்கிப் போட்டுவிடுங்கள். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

தராசுமுள்:

.308 ஷெல் ஹோல்டர் உதவாது, பெல்ட் மேக்னத்துக்குப் போடும் அதே ஷெல் ஹோல்டர் வேண்டும். பிரைமர், லார்ஜ் ரைஃபிள் மேக்னம். பவுடர், எச்4831எஸ்சி, எச்4350, ரீலோடர் 17 வட்டாரம். அளவை யார் எழுதினதையும் பார்த்துப் போடாதீர்கள், நீங்கள் போடப்போகும் அதே புல்லட்டுக்குக் கையேடு சொல்லும் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். .308-இல் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 65,000 பிஎஸ்ஐ-இல் ஓடும் தோட்டாவில் பிரைமர் தட்டையாவதைப் பார்த்து அழுத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது, போல்ட் தூக்கக் கடினமாகும்போது ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். புல்லட் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வையுங்கள். கையேட்டின் உச்ச அளவுக்குச் சொன்ன வேகம் உங்களுக்கு அதற்குக் கீழேயே வந்துவிட்டால், உங்கள் குழலுக்கு உச்சம் அங்கேதான், அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஒற்றைக்குழல்:

180 பாண்டட்டில் ஆரம்பிக்கவா, 165-இலா?

பித்தளைக்கூடு:

2.93 பெட்டி என்றால் 180 தாராளமாக உட்காரும், அதில் ஆரம்பியுங்கள். லேண்டிலிருந்து (குழலின் உள்வரிகள் தொடங்கும் இடம்) புல்லட் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்துவிட்டு எழுதுங்கள், கொஞ்சம் சுட்ட குழல் என்கிறீர்கள், சேம்பருக்கு அடுத்த தொண்டை தேய்ந்திருந்தால் அதில் தெரியும்.

முப்பதாறு:

அந்த .308-ஐ விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.